பெட்டரித் தண்ணி

ஆனி மாதம். மஸ்கெலியாவில் பதினாலு பாகை.
என் மூக்கு நுனியில் உணர்ச்சியே இல்லை.
மேசைக்குக் கீழே
கிராபிக்ஸ் கார்டுக்கு எண்பத்து நாலு.

கொழும்பில் யாரோ இரவு பகலாகக் காசு தோண்டிவிட்டு
பாதி விலைக்குத் தள்ளிவிட்ட கார்டு.
மூன்று விசிறியில் ஒன்றுக்கு பேரிங் போயிருந்தது.
ரெண்டர் தொடங்கினால்
கொழுந்து வாட்டும் மாடத்துக் காற்றாடி போல
அறை முழுக்க இரையும்.

டோஹாவில் இருக்கிற ஒருவருக்கு
வீடு கட்டிக்கொண்டிருந்தேன், திரையில்.
சுவர் சுலபம். ஓடு சுலபம்.
நீச்சல் குளம்தான் ஆளைக் கொல்லும்.
வெயில் தண்ணீரில் விழுந்து உடைந்து
அடித்தரையில் வலையாக நெளிகிறதே, அது.
ஒரு படத்துக்குப் பதினொரு நிமிடம்.
முன்னூறு படம்.

எங்கள் லயத்தில் நடுச்சுவர் கூரையைத் தொடுவதில்லை.
அந்தப் பக்கம் சசிரேகா.
நாற்பது நாள் பிள்ளை.
அவள் ஒரு நாளும் சண்டைக்கு வரவில்லை.
இரவு இரண்டு மணிக்குச் சுவரில் மூன்று தட்டு,
பிள்ளையின் முதுகில் தட்டுகிற பதத்தில்.
நான் நிறுத்துவேன்.
குளம் பாதியில் நிற்கும்,
சதுரம் சதுரமாக, கீழ்மூலை இருட்டாக.

ஹட்டனில் ரிஸ்மி நானாவிடம்
மீன் தொட்டி மோட்டார் கேட்டேன்.
"எத்தன மீன் தம்பி?"
"ஒண்ணுதான் நானா. காய்ச்சல்."
கினிகத்தேனையில் உடைத்த வாகனங்களின் குவியலில்
ஒரு பழைய காரின் ஹீட்டர் ரேடியேட்டர்,
இரண்டு உள்ளங்கை அகலம்.
அலுமினியம் மலிவு; வேண்டாமென்று வைத்துவிட்டேன்.
செம்போடு ஒரே தண்ணியில் கிடந்தால்
அரித்துப் போகும்.
செம்புக் கட்டையைப் பட்டறையில் குடைந்து
சிப்பின் மேல் உட்கார்த்தினேன்.
நான்கு திருகாணி, பட்டாணி அளவு பசை.

தண்ணியில்தான் மாட்டினேன்.
பீலியில் நிற்காமல் ஓடுகிறது,
தகரத்தில் ஒழுகி வாளி நிறைகிறது,
கீழே மவுசாக்கலை கரை தொட்டுக் கிடக்கிறது.
இதில் ஒரு கோப்பைகூட ஆகாது.
மலையின் உப்பும் பாசியும்
மூன்று வாரத்தில் குழாயைப் பச்சையாக்கிவிடும்.
நோர்வூட் பெட்ரோல் செட்டில்
இரண்டு போத்தல் பெட்டரித் தண்ணி வாங்கி
கொட்டும் மழையில்
தண்ணீரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன்.
பஸ்ஸில் ஒருவர் போத்தலைப் பார்த்தார்,
ஜன்னலைப் பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.

மோட்டாருக்கு மட்டும் கரண்ட் கொடுத்து
மூட்டுக்கு மூட்டு டிஷ்யூ சுற்றி
ஒரு நாள் முழுக்கக் காவல்.
மூன்றாவது மூட்டில் ஒரு துளி.
ஒரு துளிதான்.
கார்டின் விலை என் ஐந்து மாதம்.
கிளிப்பை இன்னும் அரைச் சுற்று இறுக்கினேன்,
மூச்சு விடாமல்.

ரேடியேட்டரை நடுச்சுவரின் உச்சியில் வைத்தேன்,
சூடு கூரைக்குப் போகட்டும் என்று.
பின்னால் ஒரே ஒரு விசிறி, மெல்லச் சுற்றுவது.
ரெண்டரை அழுத்தினேன்.
ஐம்பத்தெட்டு.
வெகு நாளைக்குப் பிறகு
மழை கேட்டது.
அந்தப் பக்கம் பிள்ளை விக்குவதும் கேட்டது.

காலையில் நிமிர்ந்து பார்த்தால்
சுவர் உச்சிக்கு அந்தப் பக்கம்
ஒரு கயிறு.
கயிற்றில் ஏழு சின்னத் துணி, ஒரு குல்லா.
மூன்று வாரமாக ஈரம் போகாமல்
அடுப்படிப் புகை நாறிய துணிகள்
இப்போது லேசாக ஆடிக்கொண்டிருந்தன.
நான் எதுவும் சொல்லவில்லை.
விசிறியை மட்டும்
ஒரு விரற்கடை திருப்பி வைத்தேன்.

ஞாயிறு மத்தியானம் முன்னூறும் முடிந்தது.
டோஹாவுக்கு அனுப்பிவிட்டு
மெஷினை நிறுத்திப் படுத்தேன்.
அரை மணி நேரம் இருக்கும்.
சுவரில் மூன்று தட்டு.

"அண்ணே,
இன்னிக்கி ரெண்டர் இல்லியா?"

கரண்ட் பில்லை நினைத்தேன்.
எழுந்து போய்
முடிந்த குளத்தை
முதல் படத்திலிருந்து மறுபடி போட்டேன்.