வாசனைக்கு இரண்டு புள்ளி

ஜனவரியில் ஒரு வரி சேர்த்தேன்.
ரொட்டிக்கடை வாசலிலிருந்து ஏழு தப்படி வரை
ஏலக்காய் வாசனை.
முகர்ந்தால் மகிழ்ச்சி இரண்டு புள்ளி ஏறும்.
அவ்வளவுதான் செய்தேன்.

கோயிவுலஹ்தி எந்த வரைபடத்திலும் கிடையாது.
தம்பெரேயில், பழைய பஞ்சாலையின் மூன்றாம் மாடியில்,
எங்கள் சர்வருக்குள் இருக்கிறது அந்த ஊர்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
ஆளுக்கு ஒரு வயிறு, ஒரு தூக்கம், ஒரு தனிமை,
எல்லாம் நூற்றுக்கு இத்தனை என்று.
எதைச் செய்தால் எது ஏறும், எது இறங்கும் என்பதை
அவர்களே பட்டுத் தெரிந்துகொள்வார்கள்.
நாங்கள் சொல்லித் தருவதில்லை.

இரவெல்லாம் ஓடவிட்டு
காலையில் வந்து பார்த்தால்
ஊரே ரொட்டிக்கடை முன் நிற்கிறது.

தோளோடு தோள் இடிக்க.
அதிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும் எனக்கு.
எங்கள் பக்கம் பேருந்து நிறுத்தத்தில்கூட
இருவருக்கு நடுவே
மூன்றாமவர் படுத்துறங்க இடம் விட்டுத்தான் நிற்போம்.

தபால்காரர், பை நிறையக் கடிதங்களோடு.
பல் மருத்துவர், கையுறையைக் கழற்றாமல்.
பள்ளிக்கூடத்தில் மணி மட்டும்
தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.
மகிழ்ச்சி தொண்ணூற்றெட்டு.
ஒருவரும் ரொட்டி வாங்கவில்லை.
வாங்கினால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டும்;
வீட்டில் வாசனை இல்லை.

வயிறு சுழியத்தைத் தொட்டவர்கள்
முகம் மலர்ந்தபடியே சரிந்தார்கள்.
பின்னால் நின்றவர் ஓரடி முன்னால் வந்தார்.

தௌனோ சிரித்த சிரிப்பில்
காபி முழுவதும் விசைப்பலகையில்.
ரைலி மட்டும் சிரிக்கவில்லை.
"ரொட்டி சுடுகிறவன் ஏன் சாகவில்லை?" என்றாள்.

அவனுக்கு வாசனை எட்டாதபடி எழுதியிருந்தேன்.
'பழகிய மூக்கு' என்று பக்கத்தில் குறிப்புகூட உண்டு.
அவன் விடியுமுன் எழுந்து மாவு பிசைந்தான்,
நேரத்துக்குத் தின்றான், படுத்தான்,
விலைபோகாததை அள்ளிக் கொட்டிவிட்டு
மறுநாளும் பிசைந்தான்.
மகிழ்ச்சி முப்பத்தொன்று.

திருத்தம் ஒரே வரி:
வாசனை மகிழ்ச்சி தராது, பசியைக் கிளப்பும்.
ஊரை மறுபடி எழுப்பினேன்.
வாங்கினார்கள். போனார்கள்.
பல் மருத்துவரின் நாற்காலியில் ஆள் விழுந்தது.
பள்ளி மணிக்குப் பிள்ளைகள் ஓடின.

ஒருவர் தவிர.
இருநூற்றேழாம் எண், தபால்காரர்.
பெயர்ப்பட்டியல் குலுக்கிப்போட்ட பெயர்: ஊர்ஹோ ஹிர்விலம்பி.
கடிதம் எல்லாம் கொடுத்து முடித்து
ரொட்டி வாங்கி
கடை வாசலிலேயே நின்று தின்கிறார்.
தின்று முடித்தும் நிற்கிறார்.
இருட்டி, கடை சாத்தி,
தெருவில் பனி விழும் ஓசையைக்கூட
நாங்கள் இன்னும் சேர்க்காத அந்த ஊரில்
நின்றுகொண்டே இருக்கிறார்.

அன்றிரவு நான் வீட்டுக்குப் போகவில்லை.
பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
பழைய கற்றலை எல்லோருக்கும் அழித்திருந்தோம்;
இவருடைய கோப்பு எப்படியோ தப்பியிருக்கிறது.
அதில் தனிமை என்ற பத்தி
எழுபது, எழுபத்திரண்டு, அறுபத்தொன்பது, எழுபது.
ஒரே ஓர் இரவில் சுழியம்.
முந்நூறு பேர் தோள் இடித்த இரவு.

பிழைப் பட்டியலில் ரைலி எழுதியிருந்தாள்:
'207 வீடு திரும்புவதில்லை.'
'திட்டமிட்டபடியே' என்று எழுதி மூடினேன்.
அப்படி யாரும் திட்டமிடவில்லை.
அதிகாலையிலேயே வந்துவிட்ட தௌனோவுக்கும் அது தெரியும்.
வாய் திறக்காமல்
விசைப்பலகையை ஹீட்டர் மேல் திருப்பிப் போட்டான்.

வெளியே மைனஸ் பத்தொன்பது.
ஆற்றோரக் கடை ஏழு மணிக்குத்தான் திறக்கும்;
கண்ணாடிக்கு அப்பால் விளக்கு, யாரோ தட்டு அடுக்கும் நிழல்.
நேற்று மதியத்துக்குப் பிறகு
நான் எதுவும் சாப்பிடவில்லை என்பது
அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பின்னால், மூன்று மீட்டர் தள்ளி, ஒரு குரல்:
"வரிசையிலா நிற்கிறீர்கள்?"

ஆமாம் என்றேன்.
திரும்பிப் பார்க்காமல்
ஓரடி பின்னால் வந்தேன்.