ஐந்நூறு எழுத்துக்குள்

ஐயா, அல்லது அம்மா,
அல்லது இரண்டும் இல்லாத நீங்கள்,

முறையீட்டுப் பெட்டிக்குள் ஐந்நூறு எழுத்து கொள்ளும்
என்று போட்டிருக்கிறது.
கொருக்குப்பேட்டை என்று அடித்தேன்.
பள்ளிக்கூடத்துக் கணக்கில் எட்டு.
உங்கள் கணக்கில் பதினாறு.
சுழிக்கு ஒன்று, கொம்புக்கு ஒன்று,
தலையில் வைத்த புள்ளிக்கும் ஒன்று.
ஊர்ப் பெயருக்கே இவ்வளவு செலவு.
அதனால் வணக்கத்தை எடுத்துவிட்டேன்,
கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சேனலின் பெயர் 'கேட்டு மூடியாச்சு'.
ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி.
சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிறவள் நான்.
மிஷினுக்கு எதிரே ஜன்னல்,
ஜன்னலுக்குக் கீழே ரயில்வே கேட்டு.
மூடினால் எடுப்பேன், திறந்தால் எடுப்பேன்.
நாற்பது நொடி. பாட்டு கிடையாது, என் முகம் கிடையாது.
குரல் மட்டும்:
"எட்டு பத்து. மூடியாச்சு. டேங்கர் வண்டி,
இன்னும் நாப்பது பொட்டி கீது.
ஸ்கூல் பசங்க சுத்திகினு போங்க."

அவ்வளவுதான். அறுநூற்றுப் பதினொரு தடவை அவ்வளவுதான்.

பார்த்தவர்கள் ஆட்டோ தேசிங்கு, பால் வண்டிக்காரர்,
வாரம் இரண்டு நாள்
ஸ்டான்லிக்கு டயாலிசிஸ் போகும் மரியபுஷ்பம்.
குவைத்திலிருந்து அல்தாப் ஒருநாள் விடாமல் பார்ப்பான்.
இந்த கேட்டைத் தாண்டி
அவன் போகவேண்டிய இடம் எதுவுமில்லை.

செவ்வாய் இரவு, பாபினில் நூல் சுற்றும்போது,
சமூக விதிகளை மீறியதால் நிறுத்தம் என்று வந்தது.
எந்த விதி என்று தொட்டேன்.
எல்லா விதியும் வந்தது.
ராத்திரி இரண்டு மணிவரை படித்தேன்.
ஆயுதம் விற்றேனா என்று யோசித்தேன்,
வீட்டில் இருப்பது ஒரு கத்தரிக்கோல்.
ஒருநாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு
மூடிய கேட்டுக்கு அடியில் குனிந்து போனான் ஒருத்தன்.
திட்டினேன், அது உண்மை.
அந்த வார்த்தையை இங்கே எழுதினால்
அதற்கும் புள்ளிக்கணக்கு பார்ப்பீர்கள்.
இல்லை, ஒரே கேட்டைத் திரும்பத் திரும்பக் காட்டியதுதான் குற்றமா?
எங்களுக்கு இருப்பது அந்த ஒரு கேட்டு.

அதை மூடினால் வண்டி வரும்.
வராவிட்டால் சனம் கத்தும்,
"இன்னாய்யா முனிரத்தினம், எவ்ளோ நேரம்?"
கேபினிலிருந்து கை நீளும். இரண்டு விரல்.
இரண்டு நிமிஷமா இரண்டு வண்டியா
என்று அவருக்கே தெரியாது.
ஆனாலும் ஹாரன் அடிப்பது கொஞ்சம் குறையும்.
உங்கள் கடிதத்தை மேலும் கீழும் தள்ளி
அந்த விரலைத் தேடினேன்.

பெட்டி சிவப்பாகிவிட்டது.
தேசிங்கை வெட்டினேன், குவைத்தை வெட்டினேன்,
மரியபுஷ்பத்தைக் கடைசிவரை வைத்திருந்து வெட்டினேன்.
உள்ளே போனது இது:

'கொருக்குப்பேட்டை கேட்டு எப்போது மூடுகிறது,
எப்போது திறக்கிறது என்று சொன்னேன்.
எந்த வீடியோ தப்பு என்று சொல்லுங்கள்.
அதை எடுத்துவிடுகிறேன். கோ. அமுலு.'

அனுப்பியது ஒன்பது நாற்பத்திரண்டு.
'கவனமாகப் பரிசீலித்தோம்' என்று பதில் வந்தது
ஒன்பது நாற்பத்து நான்கு.
ஃபால்ஸில் ஒரு முழம் ஓட்டுவதற்குள்
அறுநூற்றுப் பதினொன்றையும் பார்த்துவிட்டீர்கள்.

காலையில் கீழே ஹாரன்.
போன் அடித்தது. மரியபுஷ்பம்.
"அமுலு, கெளம்பட்டா?"
ஊசியைத் தூக்கிவிட்டு எட்டிப் பார்த்தேன்.
"இரு... இரு... கார்டு பொட்டி போவுது.
ம், இப்ப வா."
வைத்ததும் தேசிங்கு.
அவனுக்குப் பிறகு தெரியாத நம்பர் ஒன்று,
"அக்கா, அந்த கேட்டு அக்காதானே நீங்க?"

மாம்பழ மஞ்சள் சேலையில்
ஃபால்ஸ் உள்பக்கம் வெளியே வரும்படி ஓடியிருக்கிறது.
பதினோரு மணிக்கு வந்து கேட்பார்கள்.
பிரித்துக்கொண்டிருக்கிறேன்.