ரெண்டே முக்கால்

பத்துக்கு எவ்வளவு நோகுது என்று
டொக்டர் ஜெஸீமா கேட்டா,
முப்பது வருசமாய்
அங்குலத்தில் மட்டும் அளந்து பழகினவளிடம்.
ரெண்டே முக்கால் என்றேன்.
மாஸ்க்குக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது.

"வேருக்குள்ள இருந்த நரம்பை எடுத்திட்டன்.
இனிப் பல்லுக்கு ஒண்டும் தெரியாது.
சுத்தியிருக்கிற சதைக்குத்தான்
இன்னும் விசயம் போய்ச் சேரல்ல.
நாலஞ்சு நாள் எடுக்கும்.
நூலைப் பல்லால கடிக்கிறனீங்களா?"

கடிக்கிறதுதான். வேறென்ன சொல்ல.

கல்முனை பஸ் ஸ்டாண்டில்
என் உதடு எங்கேயோ தொங்கிக்கொண்டிருந்தது.
களுவாஞ்சிக்குடி என்று சொல்லப்போக
வாயிலிருந்து வந்தது
வரைபடத்தில் இல்லாத ஓர் ஊர்.
கொண்டக்டர் பெடியன் ரெண்டு தரம் கேட்டான்,
பிறகு மட்டக்களப்புக்கே டிக்கெட் கிழித்தான்.
சண்டை பிடிக்க நாக்கு இல்லை.

பாண்டிருப்பு. மருதமுனை. நீலாவணை.
கன்னம் இன்னும் யாருடையதோ.
கல்லாற்றுப் பாலத்தில் வலி ஏறியது,
டிக்கெட் எடுக்காமல்,
நேரே என் சீட்டுக்கு.

அளவுக் கொப்பியில்
மார்பு முப்பத்தாறு, கை பதினொன்று,
கழுத்து இறக்கம் ஏழு;
அதற்குக் கீழே
காலை ஆறு, பகல் பன்னிரண்டு,
பின்னேரம் ஆறு, நடுச்சாமம்.
வெறும் வயிற்றில் போடக்கூடாது.
உப்புத் தண்ணி இளஞ்சூட்டில்.
சாப்பாடு வலப்பக்கத்தால் மட்டும்.
எருமைத் தயிரை வலப்பக்கத்தால் மென்றேன்,
மெல்ல ஒன்றுமே இல்லாத தயிரை,
பயத்தில்.

இரவு ரெண்டு மணி.
அடுத்த குளிசைக்கு நாலு மணித்தியாலம் கிடக்கு.
படுத்தால் தாடைக்குள் ஒரு மெஷின் ஓடுகிறது,
மிதிக்கிறது யாரென்று தெரியவில்லை.
மூன்று தலகாணி அடுக்கிச் சாய்ந்தேன்.
மணப்பொம்பிளையின் சட்டைக்கு வெட்டி மிஞ்சின
மெரூன் வெல்வெட்டில்
ஐஸ்கட்டியைச் சுற்றிக் கன்னத்தில் வைத்தேன்.
காலையில் கன்னம் மெரூன்.
அந்தத் துணி சாயம் போகும் என்று
அப்போதுதான் தெரிந்தது.

போனில் கோமளேஸ் மச்சாள்:
"சனிக்கிழமை கலியாணம், சட்டை என்னகா ஆச்சு?
பல்லு செத்திட்டுது எண்டாங்களே,
செத்தது இன்னும் நோகுமா?"
பதில் இருந்தது.
அதற்கு வாய் திறக்க வேண்டும்.
ம் என்றேன்.

நாலாம் நாள் பின்னேரம்
கடைசிக் கொக்கியைத் தைத்து முடித்து
வாய்க்குக் கொண்டுபோன நூல்
உதட்டடியில் நின்றது.
கத்தரிக்கோலைக் காணவில்லை.
ஊசி ஒரு கையில் தொங்க
துணிக் குவியலைக் கிளறி,
மெஷின் லாச்சியை இழுத்து,
கட்டிலுக்கடியில் குனிந்து,
பிரிட்ஜுக்கு மேலே
குளிசைப் பெட்டிக்குப் பக்கத்தில் கண்டெடுத்தேன்.
அவ்வளவு நேரமும் வலி ஞாபகத்தில் இல்லை.

நூலை வெட்டினேன்.
பிறகு நாக்கு நுனியால்
மெல்லத் தட்டிப் பார்த்தேன்.

முக்கால் இருக்கும்.