ஊர் சரி, நாடு தவறு

‘பதிவாளர் அலுவலகம், சேலம்’.
உறைமேல் அவ்வளவுதான்.
நாட்டின் பெயரைக் காணோம்.
தபால்தலையில் சிவப்பு மேப்பிள் இலை.
வில்லங்கச் சான்று மனுவென்று நினைத்து
மூன்று மேசை தள்ளிவிட
இரண்டு வாரம் கழித்து என்னிடம் வந்து விழுந்தது.

மார்லின் ஹெக்மன், வயது எழுபத்தொன்று, கனடா.
அவருக்குத் தெரிய வேண்டியது
யோஹான் பீட்டர் ஹெக்மன் யாருடைய மகன் என்று.
ரைன் கரையில் திராட்சைத் தோட்டக் கூலியாம்.
ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்திரண்டில்
ராட்டர்டாமில் ஏறி பிலடெல்பியாவில் இறங்கியவன்.
கப்பல் கூலிக்கு ஈடாக
நாலு வருஷ உழைப்பை எழுதிக் கொடுத்தவன்.
பிறகு தெற்கே நடந்து நடந்து
சேலம் போய்ச் சேர்ந்தானென்று கேள்வி.

‘பெயரெழுதிய குமாஸ்தா ஆங்கிலேயர்.
கப்பல் தாளில் ஹெக்மன்,
கோயில் ஏட்டில் ஹிக்மன்,
வரிப் புத்தகத்தில் ஏக்மன்.
மூவரா ஒருவரா,
தாங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.’

நான் பார்த்துச் சொல்வதெல்லாம்
செவ்வாய்ப்பேட்டையில் எவர் மனைக்கு எது வடக்கு எல்லை என்பதை.

அது வேறு சேலம், அம்மா.
எங்கள் பெயர் மலையிலிருந்து இறங்கியது, சைலம் என்பார்கள்.
உங்களுடையது வேதாகமத்தில் சமாதானம் என்ற பொருளில் வருவது.
அஞ்சல் பைக்கு அதெல்லாம் தெரியாது.

இருந்தும் ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு பஸ் ஏறினேன்.
மேலே காப்பித் தோட்டத்தில்
முன்னொரு காலம் ஜெர்மன்காரர் இருந்ததாக
ஜீப் டிரைவர் சொன்னதை நம்பி.
இருபது வளைவு.
பக்கத்து சீட்டுப் பையன் எட்டாவதில் வாந்தி.

கல்லறைத் தோட்டத்துக் காவலாளி சூசைநாதன்
பீடியை அணைக்காமலே கேட்டார்:
‘எச் எழுத்தா? நாலு இருக்கு. மூணு கைக்குழந்தை.’
நாலாவது கல் மேற்பாதி உடைந்து கிடந்தது.
சில்வர் ஓக் வேர் தூக்கிவிட்டிருந்தது.
பாசியை நகத்தால் சுரண்டினேன்.
பெயரின் வால் மட்டும்:
மன்.

ஹெக்மனா, ஹாஃப்மனா, வெறும் எவனோவா.
எங்கள் இலக்கணத்தில் அது ஓர் இடைச்சொல்.
கழிந்துபோனதற்கு வரும்.
சொல்லாமல் விட்டதற்கும் வரும்.
‘எச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?’ என்றேன்.
‘எங்கப்பா சொன்னாரு’ என்றார்.

என் வீட்டிலும் ஓர் ஆள் குறைவு.
கொள்ளுத்தாத்தாவின் தம்பி பெரியாண்டி,
நேட்டால் கரும்புக்குப் போனவன்.
போன வருஷம் கப்பல் பட்டியலைத் திரையில் பார்த்தேன்:
‘பெரியண்டே, ஜில்லா சேலம், கிராமம் எட்டாபூர்,
இடது முழங்காலுக்குக் கீழ் தழும்பு.’
ஏத்தாப்பூர் எட்டாபூரானதற்குச் சிரித்தேன்.
தழும்பில் நின்றுவிட்டேன்.
அது அண்ணன் வீசிய மண்வெட்டி,
கிணற்றுப் பங்குச் சண்டை,
எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.
அதனால்தான் போனான் என்று
யாரும் சேர்த்துச் சொன்னதில்லை.

திங்கட்கிழமை புது உறை வாங்கி
வட கரோலினா, அமெரிக்கா என்று
கொட்டை எழுத்தில் எழுதினேன்.
அம்மாளின் கடிதத்தோடு
அந்த ஊர்க் குமாஸ்தாவுக்கு ஒரு துண்டுச் சீட்டும்:

ஐயா அல்லது அம்மா,
இது உங்களுடையது, இங்கே வந்துவிட்டது.
டர்பனிலிருந்து எவரேனும்
சேலம் என்று மட்டும் எழுதிப் போட்டது
உங்கள் இழுப்பறையில் கிடக்கிறதா, பாருங்கள்.
பெரியண்டே, பெரியாண்டி, பெரியண்ட்,
எப்படி எழுதியிருந்தாலும் எங்களுடையதுதான்.
எதற்கும் முழங்காலைக் கேளுங்கள்.

தபால்தலை என் கைக்காசு.
அலுவலகக் கணக்கில் இந்தச் செலவுக்குத்
தலைப்பு இல்லை.