கம்பில் கட்டிய பந்து

என் கணவன் ஒரு டென்னிஸ் பந்து.
மஞ்சள். ஒரு பக்கம் நாய் கடித்த தடம்.
நீளக் கம்பின் நுனியில் அவனைச் செருகி
வில்ஹோ என்கிற பையன்
பனியில் முழங்கால் புதைய ஓடுகிறான்.
பந்து போகிற வழியில் என் கண் போக வேண்டும்.
பந்து இறங்கும்போது
மூச்சை விட வேண்டும்.
அவ்வளவுதான் காட்சி.

பனிச்சறுக்கில் நிஜமாகத் தாவியவன் நார்வேக்காரன்;
செவ்வாயன்றே தாவி முடித்து
விமானம் ஏறிவிட்டான்.
வசனம் பேசுகிற கணவன்
ஹீட்டர் போட்ட வேனில்
சால்மன் சூப் குடித்துக்கொண்டிருக்கிறான்.
குவோபியோவில் மைனஸ் பத்தொன்பது.
கழுத்துத் துணியைப் பற்றியிருக்கும் விரல்கள்
யாருடையவோ.

நூற்றுப் பதினேழு பக்கத் திரைக்கதையில்
எனக்கு இருபத்திரண்டு வரி.
எண்ணியது பொறாமையில்தான், மறைப்பானேன்.
முழங்கால் எப்படி இருக்கு, மூன்று தடவை.
சாப்பிடு, நான்கு.
அப்புறம், அவன் தோற்று வந்த இரவு,
சமையலறையில், தோளில் கை வைத்து,
நான் இங்கே இருக்கேன்.
இயக்குநர் இல்போவுக்கு அந்த வரிமேல் உயிர்.
"படமே அதுலதான் நிக்குது" என்பார்.
நின்றால் நிற்கட்டும்.
போஸ்டரில் நான்
அவன் காதுக்குப் பின்னால் மங்கலாக இருந்தேன்.

பதினோராம் நாள் கெர்த்து வந்தாள்.
தாவியவரின் நிஜ மனைவி. எழுபத்தாறு வயது.
தானே கார் ஓட்டி வந்து
ஜெனரேட்டர் லாரியின் வழியை மறித்து நிறுத்திவிட்டு
யார் சொல்லியும் எடுக்கவில்லை.
அவளாக நான் உடுத்தியிருந்த நீல ஸ்வெட்டரை
இரு விரலால் நிமிண்டிப் பார்த்தாள்.
"என்கிட்ட நீலமே கிடையாது. பழுப்பு.
காபி கொட்டினா தெரியாது."

அவர் தாவும்போது நீங்கள் எங்கே நிற்பீர்கள்,
கைகளை என்ன செய்வீர்கள்?
நோட்டும் பேனாவுமாகக் கேட்டேன்.

"நிக்கிறதா? நான் போனதே இல்லை.
பேப்பர் மில்லுல ஷிப்ட்.
ஜெயிச்ச அன்னைக்கு மூணாம் நம்பர் மெஷின்.
அந்த இரைச்சல்ல கடவுள் கூப்பிட்டாலும் கேக்காது.
ரேடியோ இருந்த ரூம்லேர்ந்து ஃபோர்மன் ஓடிவந்து
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு
ஒத்தை விரலைத் தூக்கித் தூக்கிக் காட்டினான்.
இன்னும் ஒரு ரோல் ஓட்டணுமாக்கும்னு
ஓட்டினேன்."

சிரித்தாள். சிரிப்பு நின்றபின்,
"நல்ல காகிதம்" என்றாள்,
"ஒரு கிழிசல் இல்லை."

பிற்பகல் சமையலறைக் காட்சி.
இரைச்சலில் வேலை செய்கிறவள்
வீட்டிலும் சற்று உரக்கத்தான் பேசுவாள்.
தோளைத் தொடவில்லை நான்.
தொட்டியில் கை கழுவிக்கொண்டே
திரும்பாமல் சொன்னேன்.
சொன்னதில் 'இங்கே' விட்டுப்போயிற்று.
நான் இருக்கேன்.

கட்.
"ஏன் கத்துறீங்க?" என்றார் இல்போ,
கோபமில்லாமல், நிஜமாகவே புரியாமல்.
நான்காவது டேக்கில்
கண்ணில் கிளிசரின், தோளில் கை,
குரல் பஞ்சு.
படத்தில் இருப்பது அதுதான்.

ஹெல்சிங்கியில் முதல் காட்சி.
எனக்கு அடுத்த இருக்கையில் கெர்த்து,
பழுப்பு ஸ்வெட்டரில்.
சமையலறை வந்தபோது அரங்கமே மூக்கை உறிஞ்சியது;
அவள் கைப்பையில்
இருமல் மிட்டாய் தேடிக்கொண்டிருந்தாள்.
கிடைத்து, காகிதம் பிரித்து, வாயில் போட்டு
நிமிர்ந்தபோது திரை முழுக்க என் முகம்,
அண்ணாந்து, வானத்தை இடமிருந்து வலமாக அளந்தபடி.
தியேட்டரில் பேசக்கூடாது என்பதெல்லாம்
அவளுக்கு யாரும் சொன்னதில்லை போல.
"எதைப் பாக்குறே?" என்றாள்.

டென்னிஸ் பந்தை, என்றேன் கிசுகிசுப்பாக.

கையைக் காதுக்குக் குவித்தாள்.

மூன்றாம் நம்பர் மெஷினுக்கு மேலே கேட்கிற மாதிரி
இன்னொரு தடவை சொன்னேன்.
முன்வரிசைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.