மீன்கடை ஐஸ்

குல்மார்க்கில் அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது.
விறகு ஒடிகிற மாதிரி இல்லை,
சோடா மூடி கழல்கிற மாதிரி, சின்னதாக.
பலகை ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம்,
வலது முட்டி எங்களில் யாரோடு போவதென்று தெரியாமல்
திரும்பி நின்றது.

கம்பெனி கூட்டிப்போன சுற்றுலா.
இருபத்திரண்டு பேரில் கையைத் தூக்கியவள் நான் ஒருத்தி.
காவேரிப்பட்டணம் வந்து இறங்கியதும்
தெருவே கேட்டது:
"மாங்கா மண்டியில வழுக்கி விழுந்திருந்தாலும் ஒரு நியாயம் இருக்கு.
பனியில போயி யாராச்சும் சறுக்குவாங்களா, முனிரத்னா?"

கிழிந்த ஜவ்வைத் தைக்க முடியாதாம்.
தொடைக்குப் பின்னாலிருந்து ஒரு நாரை உருவி
முட்டிக்குள் கட்டுவார்களாம்.
என் நகையை அடகு வைத்து
எனக்கே கடன் கொடுப்பது போல.
திம்மராயன் தலையாட்டித் தலையாட்டிக்
காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.
ஒரு இடத்தில் என் பெயரையே எழுதிவிட்டு அடித்தார்.

இரண்டு திருகாணி, டைட்டானியம்.
ஓசூர் சிப்காட்டில் பதினோரு வருஷமாக
போல்ட் அளக்கிறவள் நான்.
முடியளவு கூடினாலும்
சிவப்புப் பெட்டியில் எறிகிறவள்.
முதுகில் ஊசி இறங்கும்போது கேட்டேன்,
"சார், அந்த ஸ்க்ரூவை அளந்தது யாரு?"
மாஸ்க்குக்குள் சிரித்தார்கள்.
இடுப்புக்குக் கீழே கரண்ட் போனது.

பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் டிரில் ஓடியது.
எனக்கு அது பழகிய சத்தம்.
வேப்பனப்பள்ளி ரோட்டில் பாறைக்குத் துளை போடும்போது
ஜன்னலெல்லாம் நடுங்கும்;
துளைக்கு அப்புறம் வெடி, அதுதான் வரிசை.
கண்ணை இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன்.
யாரோ கத்தரிக்கோல் கேட்டார்கள், அவ்வளவுதான்.

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது.
"வலது காலை எடுத்து வெச்சு..." என்று
பழக்கத்தில் ஆரம்பித்தார் திம்மராயன்.
பாதியில் என் காலைப் பார்த்தார்.
இடது காலை வைத்துத்தான் உள்ளே போனேன்.
ஒன்றும் கெட்டுப்போகவில்லை,
பால்கூட அன்றைக்குத் திரியவில்லை.

அதன் பிறகு நஸ்ரின்.
இருபத்தாறு வயது, பிசியோ,
கையில் பிளாஸ்டிக் கோணமானி.
என்னை அளக்க ஒரு ஆள்!
முப்பத்தெட்டு டிகிரி. நாற்பத்தொன்று.
பத்து நாளும் அறுபதிலேயே நின்றபோது
சிவப்புப் பெட்டியை நினைத்துக்கொண்டேன்.
"ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது கெட்ட கால்,
மறக்காதீங்க அக்கா" என்பாள்.
கெட்ட கால் என்று சொல்லாதே என்று ஒருநாள் கத்திவிட்டேன்.
மறுநாளிலிருந்து
"இந்தக் கால், அந்தக் கால்."

வீங்குகிற சாயங்காலங்களில் ஐஸ்.
எங்கள் ஃப்ரிட்ஜ் ட்ரே பத்தாது.
டேம் மீன் விற்கிற கடையில்
சாக்கு போர்த்திய பாளத்தை உடைத்து
கேரி பேக்கில் போட்டுத் தருவார் சபாபதி.
"என்ன மீனுக்கு?"
"முட்டிக்கு," என்பார் திம்மராயன்.
வீடு முழுக்க ஜிலேபிக் கெண்டை வாடை.
உடைத்ததும் பனி, ஒத்தடமும் பனி,
ஆனால் இதில் செதில் ஒட்டியிருக்கிறது.

மே மாதம். தெருவில் மாம்பழக் கூடைகள்.
நூற்றுப் பதினாறு.
உட்காரலாம், குந்த முடியாது.
பஸ் படி இன்னும் மலை;
கண்டக்டர் விசில் அடிப்பதற்குள்
அந்தக் கால் மேலே, இந்தக் கால் பின்னாலே.

எல்லோரும் விழுந்ததைப் பற்றியே கேட்கிறார்கள்.
போனில் ஒரு வீடியோ இருக்கிறது, பதினோரு நொடி.
அதில் ஒன்பது நொடி நான் விழவில்லை.
கையை விரித்து, வாயைப் பிளந்து,
இவள் யாரென்று எனக்கே தெரியாத வேகத்தில்
இறங்கி வருகிறேன்.
ராத்திரியில் சத்தத்தைக் குறைத்துப் பார்ப்பேன்.
ஒன்பதில் நிறுத்துவேன்.

நேற்று விரல் தாமதித்துவிட்டது.
பத்து, பதினொன்று, அந்தச் சத்தம்.
வீடியோவில் அது கேட்கவே இல்லை.
ஐஸ் உருகிப் பாய் நனைந்திருந்தது.
"என்ன பாக்கற?" என்றார் தூக்கத்தில்.
"ஒண்ணுமில்ல, தள்ளிப் படுங்க" என்று
மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன்.