கடைவாய்ப்பல்

தாரந்தோ கடற்படை மருத்துவமனை,
மூன்றாம் மாடி ஜன்னல்.
வீங்கிய கன்னத்தோடு நின்று பார்த்தேன்.
சுழல்பாலம் இரண்டாகப் பிளந்து வழிவிட
'சிவெத்தா' வெளியே போனது.
மேல்தளத்தில் நின்றவர்களில் ஒருவன் கையசைத்தான்.
எனக்கா, பாலத்தில் நின்ற பெண்களுக்கா, தெரியவில்லை.

சிவெத்தா என்றால் சிற்றாந்தை.
நீர்மூழ்கிக்கு இந்தப் பெயர் வைத்தவன்
கடலில் கால்கூட நனைத்திருக்க மாட்டான் என்று
சமையல்காரன் ஒரெஸ்தே திட்டுவான்,
திட்டிக்கொண்டே வெங்காயம் அரிவான்.

என் இடத்தில் போனவன் எர்மெஸ் சனொல்லா.
வயது பத்தொன்பது. வடக்கே மலைநாடு.
கடலை முதன்முதலாகப் பார்த்து
ஐந்து மாதம் ஆகியிருந்தது.
கட்டிலருகே வந்து நின்றான்.
ஓசையில்லாமல் நடக்க வேண்டிய நேரத்துக்கு
என் கம்பளிச் செருப்பைக் கொடுத்தேன்.
அரை அங்குலம் பெரிது.
முனையில் பஞ்சு வைத்துக்கொள் என்று சைகை காட்டினேன்.
என் வாயிலும் பஞ்சு.

பதினோராம் இரவு அழைத்தார்கள்.
பன்னிரண்டாம் இரவும்.
பிறகு அந்த அலைவரிசையை
வேறொரு கப்பலுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எங்கே, எப்படி, யாருக்கும் தெரியாது.
ஆனால் நான் காதுக்காரன்.
ஆழக்குண்டு நீரில் விழும்போது
கிணற்றில் கூழாங்கல் போட்டது போலத்தான் கேட்கும்.
அதன்பின் நொடிகளை எண்ண வேண்டும்.
வெடிக்குமுன் காதுக்கருவியைக் கழற்றிவிட வேண்டும்.
இல்லையென்றால் அந்தச் சத்தம் மண்டைக்குள் வெடிக்கும்.
இதை அவனுக்கு நான் சொல்லவில்லை.
பயிற்சியில் சொல்லியிருப்பார்கள்.
சொல்லியிருப்பார்கள்தான்.
பல் போனால் சொல் போச்சு.

பட்டியலில் பெயர் மாற்ற
எழுத்தன் மறந்திருந்தான்.
தந்தி என் வீட்டுக்குப் போனது.
கியோஜ்ஜாவுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது
யொலாந்தா தன் ஒரே நல்ல உடையைச்
சாயத்தொட்டியில் முக்கி, கறுப்பாக்கி, உடுத்தியிருந்தாள்.
கன்னத்தில் அறைந்தாள், வீங்கியிருந்த பக்கமே.
பிறகு சட்டைக்குள் கைவிட்டு
விலா எலும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.
அந்தச் சாயம் போகவேயில்லை.
எங்கள் மகளின் ஞானஸ்நானத்துக்கும்
அதைத்தான் உடுத்தினாள்.

விடுப்பு முடிந்து திரும்பினேன்.
படைவீட்டில் ஒரு பொட்டலம் கிடந்தது,
'எர்மெஸ் சனொல்லா' என்று கோணல் எழுத்தில்.
உலர்ந்த பேரிக்காய். ஒரு கடிதம்.
ஏன்டா எழுதவில்லை,
பசுவுக்கு மறுபடி கன்று,
பேரிக்காயை மற்றவர்களுக்கும் கொடு.
இரண்டு தின்றேன். ஏனென்று கேட்காதீர்கள்.
மிச்சத்தைக் கட்டிவைத்தேன்.

திருத்த உத்தரவு ரோமிலிருந்து வரவேண்டும் என்றார்கள்.
வரவில்லை. நானே போனேன்.
ரயில், பின் லாரி, பின் நான்கு மணிநேர நடை.
முழங்கால்வரை பனி.
கதவைத் திறந்தவள் என் சீருடையைப் பார்த்தாள்,
பின் என் தோளுக்குப் பின்னால்
பாதையை எட்டிப் பார்த்தாள்,
மெதுவாக நடக்கிறவன் யாராவது வருகிறானா என்று.

எல்லாவற்றையும் சொன்னேன்.
பேரிக்காய் தின்றதைக்கூட.
அவள் அழவில்லை.
நெடுநேரம் கழித்து, 'எந்தப் பல்?' என்றாள்.

வாயைத் திறந்தேன்.
எண்ணெய் விளக்கைத் தாடையருகே பிடித்து
விரலை உள்ளே விட்டுக்
குழி இருந்த இடத்தைத் தடவினாள்.
கன்றின் வாயைப் பார்க்கிறவளின் விரல்,
சாம்பலும் பாலும் மணந்தது.

'ஆறிவிட்டது,' என்றாள்.

விரலை முன்றானைத் துணியில் துடைத்துக்கொண்டு
அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள்.

'செருப்பு அவனுக்குச் சரியாக இருந்ததா?'

அரை அங்குலம் பெரிது என்றேன்.